எருசலேமில் ஒரு பச்சைகுத்தும் கடை

எருசலேம் பழைய நகரின் யாப்பா வாயிலைக் கடந்து கிறிஸ்தவர் பகுதியினுள் நுழைந்தால், செபமாலைகளும் ஒலிவ மரச் சிலுவைகளும் தொங்கும் கடைகள் இருமருங்கும் நெருங்கி நிற்கின்றன. அவற்றினிடையே ஒரு சிறு கடை மட்டும் வேறு வகையானது. அங்குப் பெறுவதை உறவினருக்குப் பரிசளிக்க இயலாது. பெட்டியில் வைத்துப் பூட்டவும் இயலாது. யாத்திரிகர் அதைத் தம் தோலிலேயே ஏந்தி ஊர் திரும்ப வேண்டும். அது பச்சை குத்தும் கடை.

எங்கள் யாத்திரைக் குழுவில் வந்திருந்த எழுபது வயதுக் கைம்பெண் ஒருவர் அக்கடையின் முன்பு நின்றுவிட்டார். அவருடைய முன்கையில் சிறு வயதில் குறத்தி ஒருத்தி குத்திய கோலம் ஒன்று மங்கிப்போய்க் கிடந்தது. அதனருகே ஒரு சிலுவை வேண்டும் என்பது அவர் விருப்பம். “சாமி, இதைக் குத்திக்கொண்டால் பாவமா?” என்று என்னைக் கேட்டார். உடனே விடை கூற எனக்கு நா எழவில்லை. உடலில் குறிகளைப் பொறித்துக்கொள்ளலாகாது என்னும் லேவியர் ஆகமத்தின் தடையே முதலில் நினைவுக்கு வந்தது. யோசிப்பதற்குக் கால அவகாசம் தேடுபவன்போல், கடையினுள் நுழைந்து பார்க்கலானேன்.

ரஸ்ஸூக் என்னும் கோப்துக் குடும்பத்தார் அக்கடையை நடத்துகின்றனர். எகிப்து நாட்டின் தொன்மையான கிறிஸ்தவர்களையே கோப்தியர் என்கிறோம். தம் முன்னோர் எகிப்தில் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இத்தொழிலைத் தொடங்கினர் என்றும், பதினெட்டாம் நூற்றாண்டில் எருசலேமில் குடியேறினர் என்றும் இக்குடும்பத்தார் கூறுகின்றனர். ஒலிவ மரத்தில் செதுக்கிய அச்சுக்கட்டைகளே அவர்களது குலச்சொத்து. உருவத்தை முதலில் கட்டையால் தோலில் ஒற்றி, பின்னர் அக்கோட்டின்மேல் ஊசியால் குத்துவது மரபு. மின்சாரக் கருவி வந்தபோது, முன்னோருள் ஒருவர் மோட்டார் வண்டியின் பாட்டரியைக்கொண்டு அதை இயக்கினாராம். ஜான் கார்ஸ்வெல் என்னும் அறிஞர் இக்கட்டைகளின் உருவங்களைப் படியெடுத்து 1958இல் நூலாக வெளியிட்டார்.

முன்னாளில் இப்பணி எவ்வாறு நடந்தது என்பதற்குக் கண்ணால் கண்டவரின் சான்று உண்டு. அலெப்போ நகரில் வாழ்ந்த ஆங்கிலேய வணிகருக்கு ஆன்ம குருவாயிருந்த ஹென்றி மாண்ட்ரெல், 1697ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய சனிக்கிழமையன்று எருசலேமில் இதைக் கண்டு எழுதிவைத்தார். கரித்தூள் பூசிய கட்டையால் கையில் உருவத்தைப் பதித்தனர். இரண்டு மெல்லிய ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, வெடிமருந்தும் எருதின் பித்தநீரும் கலந்த மையில் தோய்த்துக் குத்தினர். முடிவில் திராட்சை இரசத்தால் கழுவினர். அதிக வலியும் இல்லை, இரத்தமும் பெரும்பாலும் வரவில்லை என்கிறார் அவர். குத்திக்கொண்டவர்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

யாத்திரிகர் பெரிதும் விரும்புவது எருசலேம் சிலுவை. நடுவில் பெரிய சிலுவை ஒன்று, அதன் நான்கு மூலைகளிலும் சிறு சிலுவைகள் நான்கு. ஆண்டவரின் ஐந்து திருக்காயங்கள் என்று அதற்குப் பொருள் கூறுவர். நற்செய்தி நாற்றிசையும் பரவுவதைக் குறிக்கிறது என்போரும் உளர். புண்ணிய தலங்களைக் காத்துவரும் பிரான்சிஸ்கு சபையினரின் சின்னமும் இதுவே. இங்கிலாந்தின் ஏழாம் எட்வர்டு இளவரசராயிருந்தபோது 1862இல் இங்கு வந்து சிலுவை குத்திக்கொண்டார்; இருபது ஆண்டுகள் கழித்து அவர் மைந்தர் ஜார்ஜும் வந்து குத்திக்கொண்டார். கல்லறையினின்று கொடியேந்தி எழும் ஆண்டவர், பறவைநாகத்தைக் குத்தும் புனித ஜார்ஜியார், திருக்குழந்தையை ஏந்திய தேவமாதா ஆகிய உருவங்களும் உண்டு. உருவத்தோடு யாத்திரை செய்த ஆண்டையும் சேர்த்துக் குத்துவது வழக்கம். புண்ணிய பூமியை மிதித்தமைக்கு அதுவே சான்றிதழ்.

ஆனால் என் மனத்தைத் தொட்டது இப்பெரிய உருவங்களுள் ஒன்றுமன்று. கோப்தியர் தம் வலக்கை மணிக்கட்டின் உட்புறத்தில் குத்திக்கொள்ளும் ஒரு சிறு சிலுவையே அது. ஒரு நெல்மணி அளவுதான் இருக்கும். கலையழகு என்று சொல்ல அதில் எதுவுமில்லை. எகிப்தில் சிறு குழந்தைகளுக்கே அதைக் குத்திவிடுகின்றனர். ஆலயங்களில் குண்டு வெடித்த இக்காலத்தில், வாயிற்காவலர் அம்மணிக்கட்டைப் பார்த்தே உள்ளே அனுமதிப்பதும் உண்டு. அதே சிலுவை பகைவனுக்கும் அவரைக் காட்டிக்கொடுக்கும். நான் கிறிஸ்தவன் அல்லன் என்று வாய் மறுத்தாலும் கை மறுக்காது. இது தெரிந்தும் ஒரு தாய் தன் குழந்தையின் கையை ஊசிமுன் நீட்டுகிறாளே! 2015 பிப்ரவரியில் லிபியாவின் கடற்கரையில் இருபத்தொரு கிறிஸ்தவர் தலை கொய்யப்பட்டனர். அவர்களுள் இருபதுபேர் பிழைப்புத் தேடிச் சென்ற கோப்தியத் தொழிலாளர். திருத்தந்தை பிரான்சிஸ் 2023இல் அவர்களை உரோமை வேதசாட்சிகள் பட்டியலில் சேர்த்தார். 2018இல் இளைஞரிடையே பேசியபோதும், பச்சைகுத்துதலைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்று கூறிய அத்திருத்தந்தை, எரித்ரேயா நாட்டுக் கிறிஸ்தவர் நெற்றியில் தாங்கும் சிலுவையை எடுத்துக்காட்டினார்.

வெளியே வந்தேன். அம்மையார் அதே இடத்தில் காத்திருந்தார். லேவியர் ஆகமத்தின் அத்தடை, செத்தாருக்காக உடலைக் கீறிக்கொள்ளும் புறவினத்தார் வழக்கத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்டது என்றும், திருச்சபை இதனைப் பாவமென்று விலக்கவில்லை என்றும் விளக்கினேன். “ஆனால் அம்மா, இது அழியாது. நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்” என்றேன்.

“எழுபது வயதுக்குமேல் எனக்கு என்ன யோசனை சாமி?” என்று சொல்லிவிட்டு உள்ளே சென்றார்.

பழைய கோலத்தின் அருகில் சிறு சிலுவையொன்றும், அதன் கீழே ஆண்டும் குத்தப்பட்டன. ஊசி பட்டபோது அவர் முகம் சுளிக்கவில்லை. உதடுகள் மட்டும் அருள்நிறை மந்திரத்தை முணுமுணுத்தன. என் கையை நான் நீட்டவில்லை. ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில், விமான நிலையத்தில் பார்த்தேன். சேலைத் தலைப்பால் முன்கையை இறுக மூடியபடி உட்கார்ந்திருந்தார். வலிக்கிறதா என்று வினவினேன். வலியெல்லாம் இல்லை, வீட்டில் மகன் பார்த்தால் என்ன சொல்வானோ என்பதுதான் அவர் கவலை.