ஜவ்வாது மலைக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு



"ஜமுனாமரத்தூர் போய் ஏரிக்கரையில் டெண்ட் அடிக்கப் போறோம், எப்படி இருக்கும் டீச்சர்?" என்று நம் பிள்ளைகள் மூன்று பேர் கேட்டார்கள். பொதுவாகவே எழுதிவிடுகிறேன்.

போன தை மாதம் தங்கை குடும்பத்தோடு போயிருந்தேன். கோமுட்டேரிக்குப் பக்கத்தில் ஒரு அம்மாவின் நிலத்தில் கூடாரம். அரக்கோணத்து வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அந்தக் குளிர் ஆகாது, ஸ்வெட்டர் அவசியம். ராத்திரி அண்ணாந்து பாருங்கள். 2.34 மீட்டர் தொலைநோக்கியை இதே மலையில் காவலூரில் ஏன் வைத்தார்கள் என்று நான் பாடம் நடத்த வேண்டியிருக்காது.

அங்கே இருப்பவர்கள் மலையாளி பழங்குடியினர். கேரளத்துக்காரர்கள் இல்லை, மலையை ஆளுபவர்கள் என்று பொருள் சொல்கிறார்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக அவர்களிடம் ஒரு கதை உண்டு. சாமை விதைப்பார்கள், தேன் எடுப்பார்கள், கடுக்காய் பொறுக்குவார்கள். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடக் கடுக்காய்தான் ஒரு காலத்தில் முக்கியச் சரக்கு. குரோமியம் வந்தபின் அந்தத் தேவை குறைந்துபோனது.

அப்புறம் பிழைப்புக்கு எங்கே போவது? 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டு 20 தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் இறந்தார்களே, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றார்கள். அதில் இந்த மலைக்காரர்களும் உண்டு. நமக்கு அது நாலு நாள் செய்தி. நிலம் கொடுத்த அம்மா சாமைச் சோறு பரிமாறிக்கொண்டே சொன்னார்: "எங்க கொழுந்தனார் அப்போ ஆந்திரா ஜெயில்ல இருந்தாரு. அதனால உசுரோட இருக்காரு." எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. அவர் இன்னொரு கரண்டி வைத்தார்.

மறுநாள் குள்ளர் குகைகளுக்குப் போனோம். பெயர்தான் குகை. பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடி, முன்னால் வட்டமாகத் துளை போட்ட பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள். குள்ள மனிதர்கள் வாழ்ந்த வீடு என்பது ஊர்க்கதை. பல கற்கள் சரிந்து கிடக்கின்றன. ஒன்றில் யாரோ காதலர்கள் பெயிண்டில் பெயர் எழுதியிருக்கிறார்கள். அதில் நம் பிள்ளைகள் யாரும் இல்லை என்று நம்புகிறேன்!

பாட்டுப்பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். குப்பையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். அந்த அம்மாவிடம் தேனுக்கும் சாமைக்கும் பேரம் பேச வேண்டாம். போளூரிலிருந்து பஸ் இருக்கிறது, வளைவு அதிகம், வாந்தி வருகிறவர்கள் எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள்.