கூரையும் டயரும்

முந்திய ஆண்டு ஒக்டோபரில் எங்கள் வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றினோம். சோனகத்தெருவில் 1990 ஒக்டோபர் 30இல் விட்டுப் போன வீடு. திரும்பி வந்தும் பாதி தகரத்தின் கீழேயே காலம் போனது. மாரிக்கு முன் ராத்தாவின் மகன் டொரன்டோவிலிருந்து காசு அனுப்பினான்.

“டயர் மாத்த வச்சிருந்தது மாமா. ஸ்னோ விழ நாள் கிடக்கு, பிறகு பார்ப்பம்.”

நானும் சரி என்றேன்.

அவனுடையது இருவர் மட்டும் இருக்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். புத்தளத்து ஓலைக் குடிசையில் பிறந்த பிள்ளை. அந்தப் படத்தை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் காட்டியவன் நான்தான்.

நவம்பரில் ஒரு நாள் ராத்தா அழுதுகொண்டு அழைத்தா. நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில் காரின் பின்பக்கம் சுழன்று இரும்புத் தடுப்பில் மோதியிருக்கிறது. அவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. வீதியில் மழையுமில்லை, பனியுமில்லை. நல்ல வெயில். குளிர் மட்டும் 2 பாகை செல்சியஸ்.

காய்ந்த வீதியில் எப்படி வழுக்கியது? விஞ்ஞானம் படிப்பிக்கும் எனக்கே விளங்கவில்லை. பிறகு கலாசாலையில் கேட்ட ஒரு கதை நினைவுக்கு வந்தது. 1986 ஜனவரி 28இல் சலஞ்சர் விண்ணோடம் வெடித்து 7 பேர் இறந்தார்கள். குளிரில் இறுகிய இறப்பர் வளையமே காரணம் என்பதை, பனிக்கட்டி நீரில் ஒரு துண்டை இட்டுக் காட்டினார் ரிச்சர்ட் ஃபெய்ன்மன்.

நானும் வகுப்பில் இறப்பர் பட்டி ஒன்றைப் பனிக்கட்டியில் இட்டேன்.

“சேர், அது அப்படியேதான் இழுபடுது!”

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் பாடம் இருந்தது. குற்றம் மரத்துப் பாலில் இல்லை, கலவையில் இருக்கிறது. கோடை டயரின் கலவை, சூடேறிய தாரைப் பிசின்போலப் பிடிப்பதற்கென்று செய்யப்பட்டது. 7 பாகைக்குக் கீழே அது விறைக்கத் தொடங்கிவிடும். குளிர்கால டயரில் இயற்கை இறப்பர் கூடுதல், அதனால் குளிரிலும் மென்மையாக இருக்கும். ஒவ்வொரு டயரும் வீதியைத் தொடுவது ஓர் உள்ளங்கை அளவுதான். அந்தப் பிடி போனபின் எந்த பிரேக்கும் உதவாது. பின் சில்லுகளுக்கு வலுக் கொடுக்கும் அந்தக் காரில், வளைவில் அவன் அக்சலேட்டரை மிதித்ததே போதுமாயிருந்தது.

ஆகவே பார்க்க வேண்டியது ஸ்னோவை அல்ல, வெப்பமானியை. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோவில் அப்படி இல்லை. அங்கே அவரவர் புத்திதான் சட்டம். அவனுடைய புத்தியை எங்கள் கூரைக்கு வாங்கிக்கொண்டவன் நான்.

தோள் சுகமாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மழை ஓட்டில் விழும் இரவுகளில் எனக்கு நித்திரை வருவதில்லை. மாரி தொடங்கினால் கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். கைத்தொலைபேசியில் டொரன்டோவின் வெப்பநிலையைப் பார்க்கிறேன். சென்ற ஒக்டோபரில் 9 பாகை காட்டியதும் அழைத்தேன். சலாம் சொன்ன கையோடு கேட்டேன்:

“மகன், டயர் மாத்திட்டியா?”