அப்பாவை ஏன் தள்ளி வைத்தாய்?

தளவானூரிலிருந்து செஞ்சிக்கு தினமும் வேலைக்குப் போய்வருகிறாள் அந்தப் பெண். ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைனர். கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, கோயில் திருவிழா என எத்தனையோ பேரின் முகங்களை கோரல் டிராவில் வரிசைப்படுத்தியவள், முதன்முறையாகத் தன் வீட்டு பேனரைச் செய்ய உட்கார்ந்தாள். அக்கா மகளுக்குக் காதணி விழா.

மேலே குழந்தை. கீழே சொந்தங்கள் ஒன்பது பேர் வரிசையாக. இறந்துபோன அப்பாவும் அதில் ஒருவர். "மாலை போட்டு, விளக்கு வச்சு, மூலையில தனியா போட்டுடு, அதுதானே வழக்கம்" என்றார் பெரியப்பா. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "பேத்தி விசேஷம். எல்லாரோடயும் நிக்கட்டும்."

அப்பாவுக்குத் தனிப்படம் கிடையாது. பழைய குரூப் போட்டோவிலிருந்து வெட்டியெடுத்ததில் ஒடுக்கமாகத்தான் வந்தது. ஒன்பதையும் தேர்ந்தெடுத்து ‘இ’ தட்டினாள். படங்களின் நடுப்புள்ளிகள் ஒரே கிடைக்கோட்டில் நின்றன. அடுத்து டிஸ்ட்ரிபியூட். முதலும் கடைசியும் அசையாமல் நிற்க, நடுவில் இருப்பவை சம தூரத்துக்கு நகர்ந்தன. வேலை முடிந்தது என்று செல்போனில் அம்மாவுக்கு அனுப்பினாள்.

உடனே போன் வந்தது. "ஏம்மா, அப்பாவ மட்டும் தள்ளி வச்சிருக்க?"

"எல்லாம் சமம்தாம்மா, கம்ப்யூட்டர் போட்டது."

"எனக்குத் தள்ளித் தெரியுதே."

திரும்பிப் பார்த்தாள். அம்மா சொன்னது சரி. அவள் சமமாக்கியது படங்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை. எல்லாப் படமும் ஒரே அகலமாக இருந்தால் அது போதும். அப்பாவின் படம் ஒடுக்கம் என்பதால் அவருக்கு இருபுறமும் மட்டும் காலியிடம் கூடிவிட்டது. இதற்கென்றே அந்தப் பட்டியலில் ‘ஸ்பேசிங்’ இருக்கிறது. அது மையத்தைப் பார்க்காது. ஒரு படத்தின் விளிம்புக்கும் அடுத்ததன் விளிம்புக்கும் உள்ள இடைவெளியைப் பங்கிடும். அதை அழுத்தியதும் அப்பா வரிசைக்குள் வந்தார்.

பெயர்களும் ஏறி இறங்கித் தெரிந்தன. ‘சு’வின் வால் கீழே இறங்கும், ‘கி’யின் மேல்விலங்கு மேலே எழும். எழுத்தின் சுற்றுக்கட்டத்தை வைத்து நடுவாக்கினால் வரி கோணும். அடிக்கோட்டை வைத்துத் திருத்தினாள்.

சின்ன வயதில் அப்பா அவளை ஊர்க் குடைவரைக்கு அழைத்துப் போவார். 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைவித்த சத்ருமல்லேஸ்வரம். முகப்பில் இரண்டு தூண்கள், ஓரங்களில் சுவரோடு ஒட்டிய இரண்டு அரைத்தூண்கள், இருபக்கமும் வாயில்காவலர்கள், நடு வாசலுக்கு மேல் மகர தோரணம். அத்தனை ஒழுங்கு! ஆனால், உள்ளே போய் நேரே பார்த்தால் சாமி இல்லை. கருவறை இடப்பக்கச் சுவரில், கிழக்கு பார்த்து இருக்கிறது. "சாமி நடுவுலதான் இருக்கணும்னு இல்ல, தேடிப் பார்க்கிறவனுக்குத் தெரிஞ்சா போதும்" என்பார் அப்பா.

வரிசையில் அப்பாவுக்கு இடமிருந்து மூன்றாவது இடம். அதை அவள் மாற்றவில்லை.

விழாவன்று வாசலில் பேனர் கட்டியதும் அம்மா அருகே போனாள். அப்பா படத்துக்கு இந்தப் பக்கம் நான்கு விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கமும் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் பந்தி பார்க்கப் போய்விட்டாள்.