ஊட்னடாட்டா பாதையில் இன்னொரு டேங்க்

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைவனத்துக்குக் குடும்பத்தோடு காரில் போகணும்னு கிளம்புறவங்க முதலில் கேட்பது இரண்டு கேள்விதான். டீசல் எங்கெங்கே கிடைக்கும்? குடிக்கத் தண்ணி எவ்வளவு ஏத்தணும்? புது டீசல் வண்டி வச்சிருக்கிறவங்க மூணாவதாக ஒண்ணு கேட்கணும். பெட்ரோல் பங்க்கில் நீல மூடிக்குள் ஊத்துகிற ஆட்ப்ளூ, போற வழியில் கிடைக்குமா? அமெரிக்கா, கனடாவில் இருக்கிறவங்களுக்கு இது டி.இ.எஃப். என்ற பேரில் பழக்கமாகியிருக்கும்.

போன அக்டோபர் பள்ளி விடுமுறையில் அடிலெய்டிலிருந்து வடக்கே போனோம். நான், கணவர், பிள்ளைகள் இரண்டு பேர், ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா. பெரியப்பாவுக்கு மன்னார்குடிப் பக்கம் நெல் விவசாயம். போர்ட் அகஸ்டாவில் நான் பத்து லிட்டர் ஆட்ப்ளூ கேன் ஒன்று வாங்கி வைத்ததும், லேபிளைப் படித்துக்கொண்டிருந்த என் சின்னவன், "அம்மா, யூரியான்னு போட்டிருக்கு. இது மூத்திரமா?" என்று கத்திவிட்டான். பங்க்கில் நின்ற லாரி ஓட்டுநர் உட்பட எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இதைப் பன்றி மூத்திரத்தில் செய்கிறார்கள் என்று ஒரு பழைய கட்டுக்கதை வேறு உலகம் முழுக்க உண்டு. உண்மையில் இது தொழிற்சாலையில் செய்த யூரியா 32.5 சதவீதம், மிச்சம் தாது உப்புகள் நீக்கிய சுத்தமான தண்ணீர். அவ்வளவுதான்.

பெரியப்பா கேனைத் தூக்கிப் பார்த்தார். பத்து லிட்டர் என்றாலும் எடை பதினொரு கிலோவுக்குப் பக்கம் வரும். "இதுக்குப் போயி இவ்ளோ காசா? ஒரு மூட்டை யூரியா வாங்கி தண்ணியில கரைச்சா ஒரு வருஷத்துக்கு ஓடுமேம்மா."

நம் வீட்டுப் பெரியவர்கள் யாராவது இதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள், அதனால் பதிலைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டீசல் எரியும்போது நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சுப் புகை வருகிறது. புகைக்குழாயின் சூட்டில் இந்தத் திரவத்தைத் தெளித்தால் யூரியா அம்மோனியாவாகப் பிரியும். அந்த அம்மோனியா, வினையூக்கி இருக்கும் பெட்டிக்குள் போய், நச்சுப் புகையை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். அந்தப் பெட்டிதான் விலை உயர்ந்த பொருள். வயலுக்குப் போடுகிற யூரியாவில் மணி மணியாக ஒட்டாமல் இருக்க ஏதாவது பூசியிருப்பார்கள். இந்தியாவில் 2015-லிருந்து யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அந்தப் பூச்சும் குழாய்த் தண்ணீரின் உப்பும் தெளிப்பானை அடைக்கும், பெட்டியைக் கெடுக்கும். வேப்பெண்ணெய் என்றதும் பெரியப்பா சமாதானமாகிவிட்டார். "அட ஆமா, நம்ம ஊர் பங்க்லயும் லாரிக்காரனுங்க இதை வாளியில வாங்கிட்டுப் போறானுங்க. கரைச்சு ஊத்தினா போதும்னா அவனுங்க விட்டிருப்பானுங்களா" என்று அவரே முடித்தார். கேனில் ஐ.எஸ்.ஓ. 22241 என்ற எண் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிராண்டு எதுவானாலும் பரவாயில்லை.

போர்ட் அகஸ்டாவிலிருந்து அலிஸ் ஸ்பிரிங்ஸ் போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் மட்டும் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை அதிகம் தேவைப்படாது. மூணு நாலு டிரெய்லர் இழுக்கும் லாரிகள் ஓடுகிற பாதை அது, லாரி ஓடுகிற இடத்தில் ஆட்ப்ளூ பொதுவாகக் கிடைத்துவிடும். ஊட்னடாட்டா பாதை வேறு கதை. மாரீயில் தொடங்கி வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா வழியாக மார்லாவில் நெடுஞ்சாலையைத் தொடுகிற மண்பாதை, ஏறக்குறைய 620 கி.மீ. நடுவில் டீசல் கிடைக்கும் ஊர் என்றால் வில்லியம் கிரீக்கும் ஊட்னடாட்டாவும்தான், ஒவ்வொன்றுக்கும் இடையில் இருநூறு கி.மீ. பெரும்பாலான இடத்தில் போன் எடுக்காது. ஆட்ப்ளூ இருக்கிறதா என்று கிளம்பும் முன் போன் செய்து கேட்கலாம், ஆனால் நேற்று இருந்த கேன் இன்று விற்றுப்போயிருக்கும். அதனால் என் கணக்கு எளிது. கடைசிப் பெரிய ஊரில் டேங்க்கை நிரப்பு, சீல் உடைக்காத ஒரு கேனையும் ஏற்று.

இவ்வளவு பயம் ஏன் என்றால், டீசல் தீர்ந்தால் வண்டி நிற்கும், யாராவது ஒரு கேன் கொடுத்தால் திரும்ப ஓடும். ஆட்ப்ளூ தீர்ந்தால் நடப்பது வேறு. பல வண்டிகளில், ஓடிக்கொண்டிருக்கிற இன்ஜின் ஓடும். அணைத்துவிட்டால் திரும்பக் கிளம்பாது. சட்டப்படி புகையைக் கட்டுப்படுத்தணும் என்று கம்ப்யூட்டரே தடுத்துவிடும். இன்ஜினுக்கு ஒரு பழுதும் இருக்காது, ஆனால் சாவி வேலை செய்யாது. நிழலே இல்லாத இடத்தில், பின் சீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு.

மாரீ வரை கவலையில்லை. ஒரு காலத்தில் ஒட்டகச் சரக்கு வண்டிகளின் தலைநகரம் அது. ஆப்கானிஸ்தானிலிருந்தும் அன்றைய இந்தியாவின் வடமேற்கிலிருந்தும் வந்த ஒட்டகக்காரர்கள்தான் உள்நாட்டுக்கு எல்லாச் சரக்கையும் சுமந்தார்கள். அங்கிருந்து மேற்கே சுமார் 100 கி.மீ. போனால் கர்டிமுர்க்கா. பழைய கான் ரயில் நின்ற இடம். ரயில் 1980-ல் இந்தப் பாதையை விட்டுப் போய்விட்டது, ஸ்டேஷன் கட்டடமும் உயரமான ஒரு இரும்புக் கோபுரமும் மட்டும் பாலைவனத்தில் நிற்கின்றன. பிள்ளைகள் ராக்கெட் என்றார்கள். அது தண்ணீரைச் சுத்தம் செய்கிற கோபுரம். நிலத்தடித் தண்ணீரில் உப்பு அதிகம், அப்படியே ஊற்றினால் நீராவி இன்ஜினின் கொதிகலன் உள்ளே பாறை மாதிரி படிந்துவிடும். நிலக்கரியை எங்கிருந்தும் கொண்டுவரலாம், சுத்தமான தண்ணிதான் இங்கே பிரச்சினை. ஊற்றுகள் இருக்கிற வரிசையைப் பிடித்துத்தான் தந்திக் கம்பியும் ரயில் பாதையும் போட்டார்கள். 1954-ல் டீசல் இன்ஜின் வந்தபிறகு அந்தக் கவலை ஒழிந்தது. எழுபது வருஷம் கழித்து டீசல் வண்டிக்கே சுத்தத் தண்ணீரில் கரைத்த மருந்து தேடிக்கொண்டு அதே கோபுரத்தடியில் நாங்கள் நிற்கிறோம்! பெரியப்பா அந்தத் துருப்பிடித்த இரும்பைத் தட்டித் தட்டிப் பார்த்தார். எனக்கு இந்தப் பயணத்தில் பிடித்த இடம் கேட்டால் ஏரியைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

கவர்ட் ஸ்பிரிங்ஸில் ஈச்சமரங்களுக்கு அடியில் ஒரு ராத்திரி தங்கினோம். பிள்ளைகள் ஊற்றுத் தொட்டியை விட்டு வெளியே வரவில்லை.

அடுத்த நாள் வில்லியம் கிரீக்கில் ஒரு இளம் தம்பதி, கைக்குழந்தையோடு. பின்னால் பெரிய கேரவன். அந்தப் பையன் சாப்பிட இறங்கியும் இன்ஜினை அணைக்கவில்லை. திரையில் 140 கி.மீ. என்று காட்டுகிறது, அங்கிருந்து கூபர் பீடி 166 கி.மீ. கேரவன் இழுத்தால், மணலில் திணறினால் ஆட்ப்ளூ செலவு கூடும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. டீசலைப் போலத்தான் இதுவும்: சுமை கூடக் கூட டீசல் அதிகம் எரியும், அதன் பின்னாலேயே இதுவும் போகும். எங்கள் வண்டி தார் ரோட்டில் ஆயிரம் கி.மீ.க்கு இரண்டு லிட்டருக்குள் குடித்தது. மண்பாதையில் மூன்றரை.

என் கணவர் என்னைப் பார்த்தார். கேன் ஒன்றுதான். பெரியப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் அந்தப் பெண் குழந்தையை மாற்றி மாற்றித் தோளில் போடுவதைப் பார்த்தார். "என்னம்மா யோசிக்கிற, நமக்கு எவ்ளோ வேணும்னு கணக்குப் போடு, மிச்சத்தைக் கொடு." போட்டேன். மார்லாவுக்கு 410 கி.மீ., எங்கள் டேங்க்கில் அதைப் போல மூன்று மடங்கு தூரம் மிச்சம். சீலை உடைத்து ஐந்து லிட்டர் ஊற்றினோம். ஊற்றிய பிறகும் திரையில் எண் மாறவில்லை. அந்தப் பையனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையேட்டைப் பிரித்துப் பார்த்தோம்: குறைந்தபட்ச அளவு ஊற்றினால்தான் சென்சார் ஒப்புக்கொள்ளும், இன்ஜினை அணைத்து, இக்னிஷனை மட்டும் போட்டுச் சற்று நேரம் காத்திருக்கணும். கணக்கு இன்னும் பூஜ்யம் ஆகவில்லை, அதனால் அணைத்தால் திரும்பக் கிளம்பும். ஆனாலும் அணைக்க அவனுக்கு மனசு வரவில்லை. கடைசியில் அணைத்தான். ஒரு நிமிஷம் மேல் ஆனது. எண் 1,100 என்று ஏறியது. அந்தப் பெண் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் "ஓகே, ஓகே" என்றார்.

அந்த இடத்தில் கவனித்த இன்னொன்று. அவர்கள் ஒரு கேன் எடுத்துத்தான் வந்திருந்தார்கள், ஆனால் கூரை மேல் கட்டியிருந்தார்கள். வழியில் குலுங்கி விரிசல் விட்டு, சாரம் முழுக்க வெள்ளை உப்பாகக் காய்ந்து கிடந்தது. வெறும் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போய்விடும், பெயின்ட்டில் நாள்கணக்கில் விடக்கூடாது. கூரையில் வைப்பதன் பெரிய கெடுதல் வெயில். இந்தத் திரவம் 25 டிகிரிக்குள் ஒன்றரை வருஷம் தாங்கும், 35 டிகிரியில் ஆறு மாதம்தான். வண்டிக்குள், தரையில், பெல்ட் போட்டு வையுங்கள். கேனில் தேதி பார்த்து வாங்குங்கள். வளைகுடாவில் இருப்பவர்கள் போன கோடையில் கராஜில் விட்ட கேனை நம்ப வேண்டாம். குளிர் நாட்டில் இருப்பவர்களுக்கு நேர் எதிர்: மைனஸ் 11 டிகிரியில் உறையும், உருகினால் பழையபடி ஆகிவிடும். வண்டியின் டேங்க்குக்கு ஹீட்டர் உண்டு, வெளியே வைத்த கேனுக்குக் கிடையாது.

டீசல் ஊற்றிய புனலில் இதை ஊற்றாதீர்கள். டீசல் டேங்க்கில் தெரியாமல் இதை ஊற்றிவிட்டால் இன்ஜினைக் கிளப்பவே கூடாது, சாவியைக்கூடப் போடாமல் இழுத்துக்கொண்டு போகணும். இரவில், அசதியில், இரண்டு மூடியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வண்டிகளில் நடக்கக்கூடியதுதான். எங்கள் வீட்டு விதி: ஊற்றுபவர் ஒருவர், மூடியின் நிறத்தைச் சத்தமாகப் படிப்பவர் பெரியவள்.

லாரிகளுக்கான பம்ப்பில் பிடிக்கப் போனால் ஒரு சிக்கல் வரலாம். சில பம்ப்பின் மூக்கில் காந்தப் பூட்டு இருக்கும், லாரி டேங்க்கின் வாயில் உள்ள காந்தம் பட்டால்தான் திரவம் வரும். கார்களின் வாயில் பல சமயம் அது இருக்காது. வந்தாலும் வேகம் அதிகம், பின்னால் தெறிக்கும். லாரிகள் வரிசையில் நிற்கும்போது இதோடு போராடாமல் கேன் வாங்கி ஊற்றுவது மேல்.

மார்லாவில் தார் ரோட்டைத் தொட்டபோது எங்கள் கேனில் ஐந்து லிட்டர் அப்படியே இருந்தது. மூடியை இறுக்கிவிட்டு, அலிஸ் ஸ்பிரிங்ஸ் போய்ச் சேர்ந்ததும் டேங்க்கில் ஊற்றித் தீர்த்தோம். காலி கேனை ஊருக்கு எடுத்துப் போகலாமா, மோட்டார் கொட்டகைக்கு ஆகும் என்று பெரியப்பா கேட்டார். விமானத்தில் விட மாட்டார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.