கை நுழையும் இடம்

நானோவின் பானட்டைத் திறந்தால் ஸ்டெப்னி இருக்கும், பெட்ரோல் ஊற்றும் வாய் இருக்கும், எஞ்சின் மட்டும் இருக்காது. அதைப் பார்க்க வேண்டுமானால் உள்ளே ஏறிப் பின்சீட்டின் முதுகை முன்னால் சாய்த்து, சாமான் வைக்கும் இடத்தின் விரிப்பைச் சுருட்டி, அதற்கடியில் உள்ள மூடியைக் கழற்ற வேண்டும். திருவையாற்றுப் பட்டறையில் மெக்கானிக் அண்ணன் அதைச் செய்துகொண்டிருந்தார். இடுப்புவரை வண்டிக்குள், கால் இரண்டும் கதவுக்கு வெளியே.

தஞ்சாவூரிலிருந்து வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பாலம் பாலமாகத் தாண்டிக் காவிரியையும் கடந்தால் ஊர். ஐயாறப்பர் கோயிலைச் சுற்றிய தெருக்கள் தேர் ஓடும் அளவுக்கு அகலம்தான். அவற்றிலிருந்து கிளைக்கிற சந்துகள் மாட்டுவண்டிக் காலத்தவை. தை மாதத்தில் தியாகராஜ ஆராதனைக் கூட்டம் வேறு. அறுவடை நாளில் சுற்றுவட்டாரச் சாலைகளில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்துவிடுவார்கள். சின்னக் கார்களுக்கு இங்கே மவுசு குறையாததில் ஆச்சரியமில்லை. பட்டறையில் அன்று நின்ற வண்டிகள் ஒரு நானோ, இரண்டு மாருதி 800, ஒரு ஆம்னி.

நானோவுக்கு வந்திருந்தது எலிக் கோளாறு. வயலில் அறுப்பு முடிந்ததும் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்திய காரின் எஞ்சின் சூடு அவற்றுக்கு வசதி. ஒயர்களைக் கடித்துப் போட்டிருந்தன.

"எலி போற எடத்துக்கு என் கை போவலியே தம்பி" என்றார் அண்ணன்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் சின்னக் கார் வடிவமைப்பின் சூட்சுமமே அதில் இருக்கிறது. 2008 ஜனவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியில் டாடா நிறுவனம் நானோவைக் காட்டியபோது, மாருதி 800ஐவிட வெளியே 8 சதவீதம் சிறியது, உள்ளே 21 சதவீதம் பெரியது என்று சொன்னது. மொத்த நீளம் 3.1 மீட்டர். நான்கு பெரியவர்கள் முட்டி இடிக்காமல் உட்காரலாம். 624 சிசி, இரண்டே சிலிண்டர் கொண்ட எஞ்சினைப் பின்னால் கொண்டுபோய்விட்டதால் முன்னால் இருப்பவர் காலை நீட்ட முடிகிறது. 12 அங்குலச் சக்கரங்களை நான்கு மூலைக்கும் தள்ளிவிட்டார்கள். பேட்டரி டிரைவர் சீட்டுக்கு அடியில். கூரை உயரம் 1.65 மீட்டர். இந்தக் கடைசிச் சங்கதி முக்கியம். சாய்ந்து உட்காருகிறவரைவிட நிமிர்ந்து உட்காருகிறவருக்குத் தரையில் இடம் குறைவாகவே தேவை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோ அவ்வளவு நெடுநெடுவென்று நின்றதும் இதே கணக்கில்தான்.

ஆனால் இடத்தை எந்தப் பொறியாளரும் புதிதாக உண்டாக்கிவிட முடியாது. உட்காருகிறவருக்குக் கொடுத்ததை வேறு யாரிடமிருந்தோ எடுத்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது மெக்கானிக்கின் கையிலிருந்து எடுத்ததுதான்.

அண்ணன் தொழில் பழகியது அம்பாசடரில். அதன் எஞ்சின் நீளவாக்கில் நிற்கும், இரண்டு பக்கமும் தாராளமாக இடம் கிடக்கும். மட்கார்டில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டுக்கொண்டே வேலை பார்க்கலாம். பிறகு வந்தது மாருதி 800. 1983 டிசம்பரில் முதல் வண்டி விற்பனையானது. 796 சிசி எஞ்சினைக் குறுக்குவாட்டில் வைத்து முன்சக்கரங்களையே இழுக்கவிட்டார்கள். பின்சக்கரத்துக்குத் தண்டு ஓட வேண்டியதில்லை என்பதால் தரை நடுவே மேடு கட்டவும் தேவையில்லாமல் போயிற்று.

இந்த யோசனை பழையது. 1956 சூயஸ் நெருக்கடியில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது இங்கிலாந்தில் அலெக் இசிகோனிஸ் ஒரு குட்டிக் காருக்குப் படம் போடத் தொடங்கினார். 1959இல் வந்த மினி அதுதான். எஞ்சினைக் குறுக்கே திருப்பி, கியர்பாக்ஸை அதன் அடியிலிருந்த ஆயில் தொட்டிக்குள்ளேயே அடக்கிவிட்டார். இரண்டுக்கும் ஒரே ஆயில். பத்தடிக் காரில் தரைப்பரப்பின் ஐந்தில் நான்கு பங்கு மனிதர்களுக்கும் மூட்டைகளுக்கும் கிடைத்தது. 1964இல் இத்தாலியின் டான்டே ஜியகோசா கியர்பாக்ஸை எஞ்சினின் கோடியில் ஒட்டவைத்தார். பழுது பார்க்க அதுவே சுலபம். இன்றைய சின்னக் கார்கள் பெரும்பாலும் அவர் வழியில் போகின்றன. மாருதி 800உம் அப்படித்தான். பட்டறை மூலையில் கிடந்த இரண்டு ஆக்சில்களை அண்ணன் எடுத்துக் காட்டினார். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. கியர்பாக்ஸ் ஓரத்தில் இருப்பதால் சக்கரங்களுக்கான தூரம் ஒன்றாக இருக்காது.

அவருடைய சாமான் பெட்டியைப் பார்த்தபோது எனக்கு ஜியகோசாவைவிட அவர்மீதே மரியாதை கூடியது. பத்தாம் நம்பர் ரிங் ஸ்பேனரைப் பாதியில் அறுத்து, வளைத்து, வெல்டிங் வைத்திருக்கிறார். இன்னொன்றின் விளிம்பைக் கிரைண்டரில் தேய்த்து மெலிதாக்கியிருக்கிறார். விழுந்த நட்டை எடுக்க, பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒட்டிய கம்பி. வேலையின்போது முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். விரல் உள்ளே போல்ட்டைத் தேடுகிறது, கண் போகிற வருகிற பஸ்ஸைப் பார்க்கிறது. "கண்ணு இங்க வேலைக்காகாது. வெரலுக்குத்தான் கூலி" என்றார். அவர் விரலும் போகாத இடத்துக்கு உதவியாளரான பையன் இருக்கிறான். ஒல்லிக் கை. ஒயரின் இரு முனையையும் அவன்தான் பிடித்து வெளியே இழுத்தான்.

ஆம்னி ஒரு நாகஸ்வரக் குழுவுடையது. 1984இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, 2019 வரை ஓடிய மாடல். அதே 796 சிசி எஞ்சின், ஆனால் முன்சீட்டுக்கு அடியில். முகப்பே தட்டை என்பதால் 3.37 மீட்டருக்குள் பின்னால் ஓர் அறையே கிடைக்கிறது. இரண்டு தவில், நாகஸ்வர உறைகள், சுருதிப்பெட்டி, ஆட்கள் என்று எல்லாமே அடங்கிவிடும். தள்ளு கதவு என்பதால் சந்திலும் இறங்கலாம். கோடையில் முன்சீட்டுக்காரருக்குத் தொடை வேகும். அந்தச் சீட்டில் சீனியர் வித்வான் உட்காரமாட்டாராம்.

நானோவைக் கொண்டுவந்த ரத்தன் டாடாவே பின்னாளில், மலிவான கார் என்று அது பெயரெடுத்ததுதான் தவறாகப் போயிற்று என்றார். என் வருத்தம் வேறு. செலவைக் குறைக்கச் சக்கரத்துக்கு மூன்றே நட்டு வைத்தார்கள், ஒரே வைப்பர் வைத்தார்கள். அதெல்லாம் கெட்டிக்காரத்தனம். பின்கதவைத் திறக்க முடியாதபடி அடைத்தது கஞ்சத்தனம். டிக்கியில் மூட்டை வைக்கச் சீட்டை மடக்க வேண்டிய காரை எந்தக் குடும்பம் கொண்டாடும்? 2015இல் திறக்கும் கதவு வந்தது, ஆனால் 2018இல் தயாரிப்பே நின்றுபோனது. இப்போது உதிரிபாகத்துக்கு, உடைக்கப் போன வண்டிகளைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

2023இல் வந்த எம்ஜி காமெட்டைப் பற்றிக் கேட்டேன். மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான மின்சாரக் கார், பேட்டரி தரைக்கு அடியில். அண்ணன் வீடியோவில் பார்த்திருக்கிறார். "அதுல கை விட என்ன இருக்கு? லேப்டாப்தான் வேணும். அவன் கத்துக்குவான்" என்று பையனைக் காட்டினார்.

நானோவின் சொந்தக்காரர் வந்தார், ஓய்வுபெற்ற ஆசிரியர். சாவியைக் கொடுக்கும் முன் அண்ணன் இரண்டு விஷயம் சொன்னார்: வைக்கோல் போர் பக்கம் நிறுத்தக் கூடாது, வாரம் ஒரு தடவையாவது வண்டியை எடுத்து ஓட்ட வேண்டும்.

"சரிப்பா, கூலி எவ்வளவு?"

"ஒயருக்கு மட்டும் குடுங்க சார். கைக்கூலிய இவன்கிட்டக் கேளுங்க."