மறந்தேனா, மறைத்தேனா?

கொடுக்கல் வாங்கல் பாடத்தை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்து வருகிறேன். விற்பவரின் சொல் எப்படி இருக்க வேண்டும், வாங்குபவரின் சொல் எப்படி இருக்க வேண்டும், பொருள் எப்போது கைமாறியதாகக் கொள்ளப்படும், குறையுள்ள பொருளை விற்றால் தீர்ப்பு என்ன என்பனவெல்லாம் என் நாவில் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்ட சொற்கள். பொன்னானி ஜைனுத்தீன் மக்தூம் அவர்களின் 'பத்ஹுல் முயீன்' நூலில் அந்தப் பகுதி வரும் பக்கங்களின் ஓரங்கள் என் விரல் பட்டே பழுப்பேறியிருக்கின்றன. அப்படிப்பட்ட நான் என் வாழ்நாளில் விலை பேசி விற்ற பெரிய பொருள் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு மோட்டார் சைக்கிள். அந்த ஒரு தேர்வில் நான் தேறினேனா என்பது எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை.

அது யெஸ்டி ரோட்கிங் வண்டி. செக்கோஸ்லோவாக்கியா நாட்டு ஜாவாவின் வழியில் வந்தது. மைசூரில் இருந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961 முதல் ஜாவா என்ற பெயரிலும், 1973 முதல் யெஸ்டி என்ற பெயரிலும் அவ்வண்டிகளைச் செய்து வந்தது. 250 சி.சி. எஞ்சின், ஒரே சிலிண்டருக்கு இரண்டு புகைக்குழாய்கள். உதைத்துக் கிளப்புகிற மிதியே கிளம்பிய பின் மடங்கிக் கியர் மாற்றும் மிதியாகவும் ஆகிவிடும். அதுவும் இடப்பக்கம். புதிதாக ஏறுகிறவர் வலப்பக்கம் காலைத் துழாவிக்கொண்டிருப்பார். சொந்தக்காரர் அருகில் நின்று புன்னகை புரிவார். அந்தப் புன்னகையை நான் முப்பது ஆண்டுகள் புரிந்தேன்.

1986இல் செய்யப்பட்ட அந்த வண்டியை 1992ஆம் ஆண்டு, ஜித்தாவிலிருந்து என் காக்கா அனுப்பிய பணத்தில், 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். காலையில் எங்கள் அதிராம்பட்டினத்து மதரஸாவில் பாடம். மாலையில் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தல். சைக்கிளில் போய் வந்து அஸருக்கும் மக்ரிபுக்கும் நடுவே மூச்சு வாங்கியவனுக்கு அது ஒரு குதிரை கிடைத்தது போல் இருந்தது. ஆனால் அதன் பெயர் எனக்குக் கொஞ்சம் சங்கடம் விளைத்தது. நான் ஓதிக்கொடுக்கச் சென்ற ஊரொன்றில் காது மந்தமான பெரியவர் ஒருவர், "ஹஜ்ரத், கர்பலாவில் அத்தனை அநியாயம் செய்தவனின் பெயரையா வண்டிக்கு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டார். அவர் காதில் 'யெஸ்டி' என்பது 'யஸீத்' என்று விழுந்திருக்கிறது. அது வேறு, இது வேறு என்று நான் எழுத்துக்கூட்டி விளக்கியும் அவர் கடைசிவரை அந்த வண்டியில் ஏறவில்லை.

1985இல் ஹீரோ ஹோண்டா வந்ததிலிருந்தே ஊரெங்கும் சத்தமும் புகையும் இல்லாத, பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற வண்டிகள் பெருகிவிட்டன. மைசூர்த் தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. அதன் பின் யெஸ்டி வைத்திருப்பவன் பழைய இரும்புக் கடைகளுக்கு உறவினனாகிவிடுகிறான். உதிரிப் பாகம் கிடைக்காத வண்டி மெல்ல மெல்லத் தன் சொந்தக்காரனை மாற்றியமைக்கத் தொடங்குகிறது. மூன்றாம் கியர் சிலசமயம் நழுவும். என் இடது பாதம் அதைக் கூடுதலாக ஒரு கணம் அழுத்திப் பிடிக்கக் கற்றுக்கொண்டது. பெட்ரோல் குழாயின் திருகு கசியும். இறங்கியதும் என் கை தானாக அதை மூடும். பாடம் நடத்தும்போது வாய் ஒருபுறம் ஓத, மனம் மற்றொருபுறம் இருப்பதில்லையா? அதுபோல் என் கையும் காலும் எனக்குத் தெரியாமலே அந்த வண்டியின் குறைகளை மனனம் செய்துகொண்டன.

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்தின் அருகே கரையைக் கடந்தது. எங்கள் பகுதியில் அந்த இரவைக் கண்டவர்களுக்கு அதை விவரிக்கத் தேவையில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட தென்னந்தோப்புகள் ஒரே இரவில் தரையில் கிடந்தன. எங்கள் வீட்டுச் சார்ப்பின் மேலும் ஒரு தென்னை சாய்ந்தது. ஓட்டையும் கழியையும் விலக்கி வண்டியை வெளியே எடுத்தோம். ஒரே உதையில் கிளம்பியது. சாலையை அடைத்துக் கிடந்த மரங்களுக்கு இடையே கார் நுழையாத இடங்களிலெல்லாம் அது நுழைந்தது. ஒரு வாரம் அரிசியும் மெழுகுவர்த்தியும் மருந்தும் சுமந்தோம், நானும் அதுவும். அந்த வாரத்திற்குப் பின் அதை வண்டி என்று அழைக்க எனக்கு நா எழவில்லை.

ஆனால் அன்று விழுந்த மரம் ஓர் அடையாளத்தை விட்டுச் சென்றிருந்தது. முன்சக்கரத்து பிரேக்கை மூடியிருக்கும் தட்டின் விளிம்பு நெளிந்துவிட்டது. பட்டுக்கோட்டையில் எனக்கு வாடிக்கையான மெக்கானிக் அதைத் தட்டி நிமிர்த்தினார். "ஒரு நூல் இடைவெளி நிற்கிறது பாய். மழைத் தண்ணீர் உள்ளே போகும். போனால் பிரேக் பிடிக்காது. வேறு தட்டு கிடைத்தால் மாற்றிவிடலாம்" என்றார். வேறு தட்டு கிடைக்கவில்லை. நான் வேறொரு வழக்கத்தைக் கைக்கொண்டேன். மழையிலோ தேங்கிய நீரிலோ சென்றால், முன் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் பிடித்தவாறு சற்றுத் தூரம் ஓட்டுவேன். உள்ளே உராய்ந்து சூடேறி ஈரம் காய்ந்துவிடும். நான்கு மழைக்காலங்கள் அப்படிக் கழிந்தன. நாளடைவில் அவ்வாறு செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாமல் போயிற்று.

2022ஆம் ஆண்டு என் முழங்கால் தேய்ந்துவிட்டது. இனி எதையும் உதைக்கக் கூடாது என்று மருத்துவர் கூறினார். அதே ஆண்டு ஜனவரியில் வேறொரு நிறுவனம் யெஸ்டி என்ற பெயரில் புதிய வண்டிகளை வெளியிட்டிருந்தது. அதனாலோ என்னவோ, இளைஞர்கள் பழைய யெஸ்டிகளைத் தேடத் தொடங்கியிருந்தார்கள். முத்துப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி வந்தார். சென்னையில் வேலை, விடுமுறைக்கு ஊர் வந்தவர். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, தொட்டியில் என் முழங்கால் உரசி வண்ணம் போயிருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். அந்த ஒரு செய்கைக்காகவே 5,000 ரூபாயைக் குறைத்து 65,000 என்று முடித்தேன்.

ஜாபிர் (ரலி) அவர்கள் பயணத்தின்போது தம் ஒட்டகத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு விற்றார்கள். மதீனா சேரும்வரை தாமே அதில் ஏறிவர அனுமதி கேட்டுப் பெற்றார்கள். ஊர் சேர்ந்ததும் விலையும் கிடைத்தது, ஒட்டகமும் அவர்களுக்கே திரும்பக் கிடைத்தது. விற்பனையில் இப்படி நிபந்தனை இடலாமா என்பதில் இமாம்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹம்பலி மத்ஹபில் இடமுண்டு. நாங்கள் சார்ந்த ஷாபியீ மத்ஹபில் இல்லை. வண்ணத்தை மாற்றக் கூடாது, பிரித்து விற்கக் கூடாது என்றெல்லாம் எனக்கு நிபந்தனைகள் நெஞ்சு வரை வந்தன. சட்டம் தெரிந்தவன் என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

குறைகளைச் சொல்லும் கட்டம் வந்தது. அதில் நான் மிகக் கவனமாக இருந்ததாகவே எண்ணினேன். மூன்றாம் கியர், பெட்ரோல் திருகு, எதிர் உதை உதைக்கும் குணம், தளர்ந்த சங்கிலி, எரியாத பின்விளக்கு, ஆடும் சைடு ஸ்டாண்டு என்று விரல் மடக்கிச் சொன்னேன். மழையில் நனைந்தால் ஹாரன் கம்மிவிடும் என்பதைக்கூடச் சொன்னேன். ஆக ஏழு குறைகள். எட்டாவதைச் சொல்லவில்லை.

மழை என்ற சொல்லே என் வாயில் வந்திருக்கிறது. அப்போதும் அது வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் முழங்கால் வைத்தியத்துக்காகப் பஸ்ஸில் பட்டுக்கோட்டை சென்றேன். முந்திய நாள்களில் நல்ல மழை. மெக்கானிக் கடையைத் தாண்டும்போது பழக்கத்தால் தலையைத் திருப்பினேன். அங்கே அது சுவரில் சாய்ந்து நின்றது. முன்கவை இரண்டும் பின்னுக்கு வளைந்து, முகவிளக்கு இருந்த இடத்தில் கம்பிகள் தொங்கின. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, நொண்டிக்கொண்டே திரும்பி வந்தேன்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதத்தான் வேண்டும். அந்தத் தம்பிக்கு என்ன ஆயிற்று என்று நான் முதலில் கேட்கவில்லை. தொட்டியின் பக்கம் போய், என் முழங்கால் உரசிய இடம் குழிந்து கிடப்பதைத் தொட்டுப் பார்த்தேன். அதன் பிறகே கேட்டேன்.

"காரை எலும்பு முறிவு பாய், உயிருக்கு ஒன்றுமில்லை. நல்ல மழையில் தம்பிக்கோட்டைப் பக்கம் ஆடு குறுக்கே வந்ததாம். பிரேக்கே பிடிக்கவில்லை என்கிறான் பையன்" என்றார் மெக்கானிக். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "அந்தத் தட்டைப் பற்றித்தான் நீங்கள் சொல்லியிருப்பீர்களே" என்றார். அவர் குற்றம் சாட்டவில்லை. நான் சொல்லியிருப்பேன் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை.

கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட வரலாற்றை ஆண்டுதோறும் நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் கூறினார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அந்த வியாபாரியை இத்தனை காலமும் ஏமாற்றுக்காரனாகவே மாணவர் முன் நிறுத்தி வந்தேன். ஈரத்தை அவர் வேண்டுமென்றே அடியில் தள்ளினாரா, அன்றி அது அடியில் இருப்பதையே மறந்து வேறு கவலையில் நின்றாரா என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

நான் மறந்தேன் என்று சத்தியம் செய்யலாம் போலத்தான் இருந்தது. செய்யவில்லை. அன்று திண்ணையில் அந்தத் தம்பி வண்டியை ஆசையோடு பார்த்துக்கொண்டு நின்றபோது, இதற்கு மேல் குறை சொன்னால் என் வண்டி அவர் கண்ணில் இறங்கிவிடுமே என்று என் மனத்தின் ஏதோ ஒரு மூலை சுணங்கியிருக்கக் கூடும். அந்த மூலையில் விளக்கேற்றிப் பார்க்க எனக்கு வழியில்லை.

மறுநாள் முத்துப்பேட்டை சென்றேன். தம்பி கையைத் தூளி கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். தட்டைப் பற்றி ஒளிக்காமல் சொன்னேன். "விடுங்கள் ஹஜ்ரத். மழையில் நான்தான் வேகமாகப் போனேன். ஆடு வந்தது நசீபு" என்றார். கதவோரம் நின்ற அவருடைய உம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "பழைய வண்டி வேண்டாம் என்றுதான் இவன் வாப்பா சொன்னார்கள் ஹஜ்ரத். ஓதிக்கொடுக்கிறவருடைய வண்டி, குறையிருந்தால் சொல்லிவிடுவார் என்று நான்தான் பேசிச் சரிக்கட்டினேன்."

விற்றவருக்குக் குறை தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் வாங்கியவருடைய உரிமை மாறாது. ஆனால் வாங்கியவரிடம் வந்தபின் புதிய சேதம் நேர்ந்துவிட்டால் பொருளைத் திருப்பித் தள்ள முடியாது; பழைய குறையால் மதிப்பு எவ்வளவு குறைந்ததோ அந்த விகிதத்தில் விலையிலிருந்து ஈடு பெறலாம். இதற்கு அர்ஷ் என்று பெயர். மெக்கானிக்கிடம் முன்பே கேட்டிருந்தேன். தட்டு நெளிந்திருந்ததால் 1,500 ரூபாய் குறையும், அதற்கு மேல் இல்லை என்றார். வண்டியைச் சீராக்கவோ 18,000. எலும்புக்கு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. 20,000 ரூபாயை உறையிலிட்டுக் கொண்டுபோயிருந்தேன்.

"சட்டப்படி எவ்வளவு ஹஜ்ரத்?" என்று அந்த அம்மையார் கேட்டார். சொன்னேன். "அப்படியானால் அதை மட்டும் வைத்துவிட்டுப் போங்கள்" என்றார். மீதியை எவ்வளவு வற்புறுத்தியும் வாங்கவில்லை. அவர் என்னை மன்னித்தாரா, தண்டித்தாரா என்பதையும் நான் அறியேன். 18,500 ரூபாய் உறையோடு பஸ்ஸில் திரும்பினேன்.

அடுத்த ஆண்டு பாடத்தில் அந்தப் பகுதி வந்தபோது, "விற்றவர் மறந்துவிட்டால் பாவம் உண்டா ஹஜ்ரத்?" என்று ஒரு மாணவர் கேட்டார். உண்மையிலேயே மறந்திருந்தால் இல்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த வரிக்கு விரைந்தேன்.

தம்பி வண்டியைச் சீராக்கினார். அந்தத் தட்டையும் எங்கோ தேடிப் பிடித்து மாற்றிவிட்டார். வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்த அனைத்தையும் எழுதித் தரும்படி கேட்டார். இரண்டு இரவுகள் அமர்ந்து எழுதினேன். சொல்லிய ஏழும் சொல்லாத ஒன்றும் போக, என் கைகால்களை ஒவ்வொன்றாக விசாரித்து விசாரித்து எழுதியதில் எண்ணிக்கை இருபத்து மூன்று ஆயிற்று. எழுதி அனுப்பிய சில நாள்களில் தொலைபேசியில் அழைத்தார்.

"ஹஜ்ரத், பதினான்காவதில், ரயில்வே கேட்டைத் தாண்டும்போது முழங்காலால் தொட்டியை இறுக்கிப் பிடிக்கவும் என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்காக?"

எவ்வளவோ யோசித்தேன். காரணம் நினைவுக்கு வரவில்லை. வரவில்லை என்பதையே அவரிடம் சொன்னேன். "ஆனாலும் பிடித்துக்கொள்ளுங்கள் தம்பி" என்றேன்.