இருக்கும் இடம் சொல்லுதல்

விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் வேலை. இடையில் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நின்று நின்று செல்லும் பயணிகள் வண்டியில், தமிழ் விரிவுரையாளனாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் போய் வந்துகொண்டிருக்கிறேன். ஒரு காலத்தில் விழுப்புரம் சந்திப்புக்கு நான் 'மேயராக' இருந்தேன் என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் அது உண்மை.

2011இல் மைத்துனர் ஒரு கைப்பேசி வாங்கித் தந்தார். அதில் ஃபோர்ஸ்கொயர் என்ற செயலி இருந்தது. ஓர் இடத்துக்குப் போனதும் 'இங்கே இருக்கிறேன்' என்று அதில் பதிய வேண்டும். அதற்குச் 'செக்-இன்' என்று பெயர். கடந்த அறுபது நாட்களில் ஓரிடத்தில் அதிக நாட்கள் பதிந்தவரே அந்த இடத்தின் மேயர். விழுப்புரம் சந்திப்பில் எனக்குப் போட்டியாளர் என்று எவரும் இருந்ததாக நினைவில்லை. ஆளே இல்லாத தேர்தலில் வென்றவனைப் போல நான் பதவியில் அமர்ந்திருந்தேன்.

இந்த விளையாட்டின் தொடக்கம் நியூயார்க்கில். டென்னிஸ் கிரௌலியும் அலெக்ஸ் ரெய்னர்ட்டும் டாட்ஜ்பால் என்ற சேவையைத் தொடங்கினார்கள். இருக்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் அருகிலுள்ள நண்பர்களுக்கு அது தெரியவரும். கூகுள் 2005இல் அதை வாங்கி 2009இல் மூடியது. அதே ஆண்டில் கிரௌலி, நவீன் செல்வதுரை என்ற தமிழ்ப் பெயர்க்காரரோடு சேர்ந்து ஃபோர்ஸ்கொயரை வெளியிட்டார். கோவாலா என்ற இன்னொன்று போட்டிக்கு நின்றது. 2010 ஆகஸ்டில் ஃபேஸ்புக்கும் இதே வசதியைக் கொண்டுவந்தது.

எனக்கு ஏன் இது பிடித்துப்போனது என்று இப்போது யோசிக்கிறேன். ஒரு சிற்றூர்த் தமிழாசிரியனிடம் 'எங்கே இருக்கிறாய்' என்று உலகம் கேட்பதில்லை. கேட்காத கேள்விக்கு நாள்தோறும் விடை சொல்வதில் ஓர் ஆறுதல் இருந்தது.

வகுப்பில் இதை ஒரு வேடிக்கையாகவும் பயன்படுத்திக்கொண்டேன். சிறுபாணாற்றுப்படையைத் திண்டிவனத்தில் நடத்துவது தனி மகிழ்ச்சி. பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனது கிடங்கில், இன்று திண்டிவனத்தோடு சேர்ந்துவிட்ட கிடங்கல்தான். பரிசில் பெற்ற பாணன் எதிரே வரும் ஏழைப் பாணனுக்கு வழி சொல்கிறான். எயிற்பட்டினம் போனால் சுட்ட மீன் கிடைக்கும், வேலூரில் புளி சேர்ந்த சூடான சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் வெண்சோறும் நண்டுக் கறியும் என்று ஊர் ஊராக அடுக்குகிறான். எயிற்பட்டினத்தை மரக்காணம் என்பர் ஆய்வாளர். "உலகின் முதல் செக்-இன் நம்ம ஊர்ப்பக்கம்தான் நடந்திருக்கிறது" என்பேன். வகுப்பு சிரிக்கும். அந்த ஒப்புமை எவ்வளவு பிழையானது என்பதை எனக்கு ஒரு மாணவி உணர்த்த வேண்டியிருந்தது.

2013இன் தொடக்கத்தில் விழுப்புரத்தில் ஒரு நூல் வெளியீடு. இளங்கலை இறுதியாண்டு மாணவர்கள் ஐந்து பேர் வந்திருந்தார்கள். கூட்டம் முடிந்து பேருந்து நிலையத்துக்கு அருகே தேநீர் குடித்தோம். படம் ஒன்று எடுத்தேன். வழக்கம்போல இடத்தைப் பதிந்து, வந்திருந்த ஐவரின் பெயர்களையும் எழுதி இணையத்தில் போட்டேன். இலக்கியக் கூட்டத்துக்குப் பிள்ளைகள் வருகிறார்கள் என்ற பெருமை எனக்கு.

ஐவரில் ஒருத்தி மயிலத்துக்கு அருகே ஒரு சிற்றூரிலிருந்து வந்தவள். தேர்ந்த வாசகி. வீட்டில் சிறப்பு வகுப்பு என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். உடன் வந்த மாணவனின் நட்பு வட்டம் வழியாக அந்தப் படம் சிங்கப்பூரில் வேலை பார்த்த அவளுடைய மாமன் மகனை எட்டியது. அவள் வீடு போய்ச் சேருமுன் தந்தைக்குச் செய்தி போய்விட்டது. இத்தனைக்கும் அவளிடம் கைப்பேசியே கிடையாது. ஒரு செயலியையும் தொட்டறியாதவளை நான் 'செக்-இன்' செய்திருந்தேன்.

மூன்று வாரம் அவள் வகுப்புக்கு வரவில்லை. சக பேராசிரியை ஒருவருடன் அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய தந்தை மரியாதையாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "உங்க மேல ஒண்ணும் இல்லீங்க சார். ஊரு பாத்துடுச்சு, அவ்ளோதான்" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. தேர்வுக்கு மட்டும் தம்பி துணையோடு வந்தாள். கடைசித் தேர்வன்று மரத்தடியில் நின்று கேட்டாள்: "பொய் சொல்லிட்டு வந்தது என் தப்புதாங்க ஐயா. ஆனா நான் எங்க இருக்கேன்னு நீங்க எதுக்குங்க ஐயா சொன்னீங்க?"

எனக்கு விடை கிடைக்கவில்லை. முதுகலைக்கு அவளுக்காக விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தேன். அவள் வரவில்லை.

அதன் பிறகுதான் இவற்றைச் சுற்றி எழுந்த கருவிகளைப் பற்றித் தேடிப் படித்தேன். 2010 பிப்ரவரியில் நெதர்லாந்து இளைஞர்கள் சிலர் 'ப்ளீஸ் ராப் மி' என்ற தளத்தை நடத்தினார்கள். ட்விட்டரில் மக்கள் தாமே வெளியிட்ட செக்-இன்களைத் திரட்டி, இன்னாருடைய வீட்டில் இப்போது அவர் இல்லை என்று காட்டியது அது. எச்சரிக்கைக்காகச் செய்தது. 2012இல் வந்த 'கேர்ள்ஸ் அரவுண்ட் மி' எச்சரிக்கை அன்று, ரஷ்ய நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பொருள். செக்-இன் செய்த பெண்களின் இடத்தையும் ஃபேஸ்புக்கில் பொதுவில் இருந்த அவர்களுடைய படத்தையும் ஒன்றாக்கி வரைபடத்தில் காட்டியது. எதிர்ப்பு எழுந்ததும் ஃபோர்ஸ்கொயர் தன் தரவுக் கதவை அதற்கு அடைத்தது. செயலியும் திரும்பப் பெறப்பட்டது. ஒன்று கவனிக்கத்தக்கது. அதில் எந்தத் துணுக்கும் திருடப்பட்டதன்று. தனித்தனியே தீங்கற்ற துணுக்குகள் ஒன்றுசேர்ந்தபோது வேட்டைக்கு வழிகாட்டின. நான் செய்ததும் அதுவேதான். கருவியின் வேலையைக் கையாலேயே செய்துமுடித்தேன். இடம், படம், பெயர் மூன்றையும் ஒரே வரியில் வைத்தேன்.

ஆற்றுப்படைப் பாணன் சொல்வது தான் இருக்கும் இடத்தையன்று. பசித்தவன் போக வேண்டிய இடத்தை. அந்தச் சொல்லின் பயன் கேட்பவனுக்கு. என் செக்-இன்னின் பயன் முழுவதும் எனக்கே. அகப்பாடல்களைப் பாருங்கள். குறிஞ்சி எது, நெய்தல் எது, புன்னை எங்கே நிற்கிறது, தோணி எங்கே கரையேறுகிறது எல்லாம் சொல்வார்கள். காதலர் பெயரை மட்டும் சொல்லக் கூடாது என்பது மரபு. இதை ஓர் அழகியல் விதியாகவே இருபது மதிப்பெண் விடைக்கு எழுதவைத்திருக்கிறேன். அது ஊரார் வாயிலிருந்து ஒரு பெண்ணைக் காக்கும் அறமாகவும் இருக்கலாம் என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை. இடத்தைப் பாடு, அல்லது பெயரைச் சொல். இரண்டையும் சேர்ப்பதானால், சேர்க்கும் உரிமை அந்தப் பெயருக்கு உரியவருடையது.

செக்-இன் மோகம் பின்னர் தணிந்தது. கோவாலா 2012இல் மூடப்பட்டது. ஃபோர்ஸ்கொயர் 2014இல் இந்த விளையாட்டை ஸ்வார்ம் என்ற தனிச் செயலியாகப் பிரித்தது. ஊர்வழிகாட்டியாக எஞ்சிய செயலியை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டது. 'இங்கே இருக்கிறேன்' என்று நாம் தட்டிச் சொல்லும் தேவையும் குறைந்துவிட்டது. அனுமதித்துவிட்டால் கைப்பேசியே சொல்லிக்கொண்டிருக்கிறது. அன்று குறைந்தபட்சம் ஒரு விரல் அசைவு வேண்டியிருந்தது. அந்த ஒரு கணத்தில் நான் நின்று யோசித்திருக்கலாம்.

இப்போதும் சிறுபாணாற்றுப்படை நடத்துகிறேன். செக்-இன் வேடிக்கையைச் சொல்வதில்லை. கூட்டங்களுக்கு மாணவர்கள் வந்தால் படம் எடுப்பதற்கு முன் ஒவ்வொருவராகக் கேட்கிறேன். "இதுல என்ன ஐயா இருக்கு, எடுங்க" என்று சிரிக்கிறார்கள். யாராவது ஒரு பெண் ஒன்றும் சொல்லாமல் மெல்ல ஒதுங்கி நின்றால், கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு எல்லோருக்கும் தேநீர் சொல்கிறேன்.